நோய் விடுப்பும் கூலியும்

"மச்சினன் நிக்காஹுக்கு நான்கு நாள் லீவு வேண்டும். கேஷுவல் லீவு தீர்ந்துவிட்டது. தெரிந்த டாக்டரிடம் 'காய்ச்சல்' என்று ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொண்டால் என்ன? மெடிக்கல் லீவு நமக்கு உரியதுதானே!"

நம் வீடுகளில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு இது. பேசுபவர் ஐவேளையும் தொழுபவராகவே இருப்பார். எனவே இதன் சட்டத்தைச் சற்று விளங்கிக் கொள்வோம்.

மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரை ஃபிக்ஹு நூல்கள் 'அஜீர் காஸ்' என்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்குத் தம் நேரத்தை ஒருவரிடம் ஒப்படைத்தவர் என்பது பொருள். ஹனஃபி மத்ஹபின்படி, அவர் வேலைக்குத் தயாராக வந்து நின்றாலே கூலிக்கு உரியவராவார். வராத நாளுக்கு அசலில் கூலி இல்லை. அப்படியானால் படுக்கையில் கிடந்த நாளின் சம்பளம் எப்படி ஹலாலாகிறது? 'நோயுற்றால் இத்தனை நாள் சம்பளத்துடன் விடுப்பு' என்ற நிபந்தனையால்தான். முஸ்லிம்கள் தங்கள் நிபந்தனைகளைப் பேணி நடக்க வேண்டும் என்ற கருத்தில் அபூதாவூது, திர்மிதீ ஆகிய நூல்களில் ஹதீஸ் உள்ளது. இங்கே நிபந்தனையே நோய்தான். நோய் இல்லாதபோது வாங்கிய பணம் யாருடையது என்று அவரே சொல்லட்டும்.

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் விஷயம் இன்னும் கனமானது. நோய்க்காலத்தில் சராசரித் தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை அதில் கிடைக்கிறது. 2019 ஜூலையில் வந்த விகிதப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். ஆக, பொய்ச் சீட்டு கொடுப்பவர் கை வைப்பது சக தொழிலாளிகளின் பணத்திலும்தான். எழுதிக் கொடுத்த டாக்டரோ பொய்ச்சாட்சி சொன்னவராகிறார். அது பெரும்பாவங்களில் ஒன்று.

உண்மையிலேயே நோயுற்றவர் தயங்க வேண்டியதில்லை. ஆரோக்கியமாக ஊரிலிருந்தபோது செய்து வந்த அமல்களின் நன்மை நோயாளிக்கும் பயணிக்கும் எழுதப்படுகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரீயில் வருகிறது. காய்ச்சலோடு போய் அடுத்த மேசைக்காரருக்கும் ஒட்டவைப்பதில் பேணுதல் எதுவும் இல்லை! ஏழு நாள் ஓய்வு எழுதப்பட்டு நான்காம் நாளே குணமானால்? டாக்டரிடம் காட்டி, அவர் சம்மதித்தால் பிட்னஸ் சர்டிபிகேட் வாங்கி வேலைக்குத் திரும்ப வேண்டும். ஓய்வும் சிகிச்சைதான் என்று அவர் சொன்னால் இருந்துகொள்ளலாம்.

முன்பே பொய்யாக எடுத்தவர் தவ்பாச் செய்வதோடு, உரியவரின் ஹக்கையும் திருப்பித் தர வேண்டும். அந்த நாட்களைத் தம் ஈட்டிய விடுப்பில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். அல்லது பணத்தைக் கட்டிவிடலாம். வெட்கமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறோமே! முன்பு பேசியிராவிட்டால் சட்டப்படி அது கடமையில்லை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் பேசிக்கொள்ள யார் தடுத்தார்கள்? 'உடம்பு முடியாத நாளுக்கு, மாதம் இரண்டு நாள் வரை பிடிக்கமாட்டோம்' என்று அடுத்த சம்பளத்தன்று சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு அது அவருடைய ஹக்கு. பிடித்தால் கேட்க அவருக்கு உரிமை உண்டு.