மெதுவாக நடப்பவர் முன்னால்

மலையேற்றம் பற்றிக் கிடைக்கிற யோசனைகளில் பாதி, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போகும் குழுவுக்கானவை. மீதிப் பாதி, தனியாகக் கிளம்பும் தைரியசாலிகளுக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டே பேர் சனி, ஞாயிறில் பையைத் தூக்கினால் வருகிற சிக்கல்கள் வேறு. யார் முன்னால் நடப்பது, எப்போது திரும்புவது? இந்த இரண்டுக்கும் வீட்டிலேயே பதில் வைத்துக்கொண்டால் போதும், ஷூவும் டென்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

என் வீட்டுக்காரருக்கு நீளமான கால், நல்ல மூச்சு. ஏற்றத்தில் அவர் முன்னால் போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காக நின்று காத்திருப்பார். நான் போய்ச் சேர்ந்ததும் "போலாமா?" என்று கிளம்பிவிடுவார். காத்திருந்த நேரமெல்லாம் அவருக்கு ஓய்வு. எனக்கு அந்த ஓய்வே கிடையாது. மெதுவாக நடப்பவர்தான் குறைவாக உட்காருகிறார் என்பது வேகமாக நடப்பவருக்குச் சட்டென்று உறைக்காது. அதனால் ஏற்றத்தில் எப்போதும் நான் முன்னால். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு இரைக்காமல் சொல்ல முடிகிற வேகம்தான் எங்கள் வேகம். அவருக்கு அது கொஞ்சம் அலுப்புதான். அந்த அலுப்பில்தான் பறவை பார்க்கப் பழகினார்.

இறக்கத்தில் கதை மாறும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வாங்கும். முட்டி விஷயத்தில் அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர் மாதிரி. ஆகவே உச்சியில் தண்ணீர் குடித்து முடித்ததும் இடம் மாற்றிக்கொள்வோம். பர்வதமலையில் கடப்பாறை பதித்திருக்கும் செங்குத்தான பகுதியில் மட்டும் இந்த ஏற்பாடு செல்லாது. அங்கே ஒருவர் ஏறி முடித்து ஓரமாக ஒதுங்கிய பிறகே அடுத்தவர் கால் வைக்க வேண்டும். கீழே காத்திருப்பவரும் நேர் கீழே நிற்கக் கூடாது, கல் உருளும்.

எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். சென்னைக்காரர்கள் தொடங்குவதற்கு வசதியான ஏலகிரி சுவாமிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ரயிலில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து புலவர்களும் வள்ளல்களும் பெயர் கொடுத்த 14 கொண்டை ஊசி வளைவுகள், பிறகு மங்கலம் கிராமத்திலிருந்து நடை. ஏறக்குறைய 3 கிலோமீட்டர், உயரம் 250 மீட்டருக்குப் பக்கம். நெய்ஸ்மித் கணக்கில் ஒரு மணி நேரம்தான். ஆனால் அவர் கணக்கு குளிர் நாட்டில் நடந்து பழகிய கால்களுக்கானது. புதியவர்கள் அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்வது நல்லது. வெயில் ஏறிவிட்டால் இரண்டால்.

திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே, கால் வலிக்காதபோதே முடிவு செய்துவிடுவோம். பதினோரு மணி என்றால் பதினோரு மணி. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். இன்னொரு விதியும் உண்டு: இருவரில் யார் "போதும்" என்றாலும் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. கேட்டால் அது வாதமாகும், களைத்திருப்பவர் வாதத்தில் தோற்பார், தோற்றவர் மனசில்லாமல் நடப்பார், மனசில்லாமல் நடப்பவருக்குத்தான் கால் பிசகும். காரணத்தை பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் அதற்குள் தூங்கிவிடுவோம்.

அனுமதி விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கிற மனசில்லை. "உள்ளூர் ஆள் ஒருத்தர் கூட்டிட்டுப் போவாரு, டிக்கெட் எல்லாம் வேணாம்" என்று யாராவது சொன்னால் அந்த மலைக்குப் போவதில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். அவர்களும் வார விடுமுறைக்கு மலையேறப் போனவர்கள்தான். காய்ந்த புல், மேல்நோக்கி வீசும் காற்று இரண்டும் சேர்ந்தால் சரிவில் தீ ஏறுகிற வேகத்துக்கு மனுஷக் கால் ஈடுகொடுக்காது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் பதிவு செய்துகொள்ளும்படி திறந்தது. வழிகாட்டிகள் அந்தந்த மலைக் கிராமங்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் வளர்ந்தவர்கள். யானைச் சாணத்தைப் பார்த்தே அது எப்போது போனது என்று சொல்வார்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். மூடியிருந்தால் வீட்டிலேயே இருங்கள். எளிது என்று போட்டிருப்பதில் தொடங்குவதற்குக் கூச்சமும் வேண்டாம்.

பைக்கு வருகிறேன். இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே பெரிய பை என்பது கேட்க அன்பாக இருக்கும், காட்டில் ஆபத்து. ஒருவர் ஒதுங்கி, இன்னொருவர் இரண்டு திருப்பம் தள்ளிப் போய்விட்டால் தண்ணீர், டார்ச் எல்லாம் ஒருவரிடமே. ஆளுக்கொரு தண்ணீர், ஆளுக்கொரு தலை விளக்கு, ஆளுக்கொரு விசில். மூன்று முறை ஊதினால் 'நில்' என்று எங்களுக்குள் ஏற்பாடு. டிசம்பரில் ஆறு மணிவாக்கில் வெளிச்சம் மங்கிவிடும், மரத்தடியில் இன்னும் சீக்கிரம். போன் வெளிச்சத்தில் இறங்கினால் ஒரு கை வீண்.

தண்ணீர், பகல் நடைக்கு ஆளுக்கு 3 லிட்டர். அதில் ஒரு லிட்டரில் ஓஆர்எஸ். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி என்று அச்சிட்ட ஒரு லிட்டர் பாக்கெட்டாகப் பார்த்து வாங்கி, முழுப் பாக்கெட்டை முழு லிட்டரில் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கினால் உப்புச் செறிவு கூடி, நல்லதுக்குப் பதில் கெடுதல். சாப்பாட்டுக்கு எங்கள் ஓட்டு புளியோதரைக்கும், நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லிக்கும். தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். சட்டைப் பையில் கடலை மிட்டாய். விலை உயர்ந்த எனர்ஜி பாரில் இதைவிடப் பெரிதாக எதையும் நான் ருசித்ததில்லை.

ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் நுனி ஷூவில் இடித்துக்கொண்டே இருக்கும், நகம் கறுத்துப்போகும். ஜீன்ஸ் வேண்டாம். மழைக்காலமானால் அட்டை. கடித்தால் பிடுங்கக் கூடாது, நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விழுந்துவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் ஒழுகத்தான் செய்யும், பயப்பட ஒன்றுமில்லை.

டென்டில் இரவு தங்க ஆசைப்பட்டால், காப்புக்காட்டுக்குள் நம் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. தனியார் தோட்டங்களில், அங்கேயே முகாம் நடத்துபவர்களிடம் தங்குவதுதான் நடைமுறை. கொழுக்குமலை அப்படி ஓர் இடம். தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில், ஜீப் ஏறுவதோ கேரளத்தின் சூரியநெல்லியில். அந்த ஜீப் பாதையில் நடப்பதைவிட உட்கார்ந்திருப்பதுதான் உடம்புக்கு வேலை. உயரம் சுமார் 7,900 அடி. 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்பதால், கீழே போடியில் 24 டிகிரி என்றால் மேலே 11. காற்றைத் தனியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பளி மேல் கம்பளி போர்த்தியும் நடுங்குகிறது என்பவர்களுக்குக் குளிர் வருவது கீழேயிருந்து, தரை வழியாக. முதுகுக்கடியில் நல்ல ஃபோம் விரிப்பு இருக்கிறதா என்று முகாமில் முன்கூட்டியே கேளுங்கள், இல்லாவிட்டால் எடுத்துப்போங்கள். தூங்குவதற்கென்று காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி தனியாக வைத்திருங்கள். டென்ட் ஜிப்பை முழுக்க இழுத்து மூடினால் இரண்டு பேர் மூச்சும் துணியில் நீராகப் படிந்து விடியலில் முகத்தில் சொட்டும். மேலே கொஞ்சம் திறந்துவையுங்கள். தின்பண்டம் டென்டுக்குள் வேண்டவே வேண்டாம், காட்டில் மூக்குள்ளவை நிறைய. காதில் வைக்கப் பஞ்சு அவசியம். விடிவதற்கு முன்பே சூரியோதயம் பார்க்க ஜீப்புகள் வரிசையாக ஏறி வரும், அதற்கு முன்பு வரை பக்கத்தில் குறட்டை.

பெண்களுக்கு ஒன்று. ஒதுங்க இடமிருக்காது என்று தண்ணீர் குடிக்காமல் நடப்பதுதான் தலைவலிக்கும் மயக்கத்துக்கும் நேர் வழி. துணையாக வருபவர் பத்தடி தள்ளித் திரும்பி நின்று காவல் பார்க்கட்டும், அதற்கும்தான் துணை. ஓடையிலிருந்து 60 மீட்டராவது விலகி, தேவைப்பட்டால் ஆறு அங்குலக் குழி தோண்டி மூடுங்கள். டிஷ்யூவையும் நாப்கினையும் ஜிப் கவரில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். நாங்கள் ஒரு சின்ன மண்கரண்டி வைத்திருக்கிறோம். அது அவர் பையில்தான் இருக்கும், பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

ஞாயிறு மதியத்துக்குள் மலையை விட்டு இறங்கிவிடுங்கள். தசை வலி மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் உச்சத்துக்குப் போகும். திங்கட்கிழமை ஆபீஸில் நிமிர்ந்து நடந்துவிட்டு, செவ்வாயன்று மாடிப்படியில் கைப்பிடியைத் தேடுவோம். அந்த வாரம் துணி காயப்போட யார் மொட்டை மாடிக்குப் போவது என்பதை மட்டும் இன்னும் எங்களால் முன்கூட்டியே முடிவு செய்ய முடியவில்லை.