பிறக்கும் வேளையும் பின்வரும் வாழ்வும்

மானிடப் பிறவியின் அருமையைப் பற்றி எமது சமய நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மாணிக்கவாசக சுவாமிகள் திருவாசகத்தில் உள்ள போற்றித் திருவகவலில், கருவிலுள்ள உயிர் மாதந்தோறும் தப்பிப் பிழைக்க வேண்டிய இடர்களை வரிசையாகக் கூறுகின்றார். கருவில் இருக்கும் உயிர் முற்பிறவிகளை நினைந்திருந்து, பிறந்தவுடன் அந்நினைவை இழக்கின்றது என்பது கர்ப்போபநிடதம் கூறும் செய்தி. பிறக்கும் வேளையில் நேரும் அனுபவம் மனத்தில் தங்குமா, பிற்கால வாழ்வைப் பாதிக்குமா என்ற வினாவை 20 ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டு உளவியலாளரும் எழுப்பினர்.

வினாவின் தோற்றம்

மனிதனுக்கு ஏற்படும் முதலாவது பதகளிப்பு பிறப்பின்போது நிகழ்வதே என்று சிக்மண்ட் புரொய்ட் குறிப்பிட்டிருந்தார். அவருடைய மாணவரான வியன்னாவைச் சேர்ந்த ஒட்டோ ராங்க், 1924 இல் பிறப்பின் அதிர்ச்சி பற்றித் தனி நூலே எழுதினார். தாயின் வயிற்றை விட்டுப் பிரியும் அந்த அதிர்ச்சியே பிற்கால அச்சங்களுக்கெல்லாம் வேர் என்பது அவர் கொள்கை. இதனை ஏற்காத புரொய்ட், 1926 இல் வெளியான நூலொன்றில் மறுப்புரைத்தார்.

இவ்வினாவை மீண்டும் கையில் எடுத்தவர் ஸ்ரானிஸ்லாவ் குரோவ். 1931 இல் பிராக் நகரில் பிறந்த இவர் ஓர் உளமருத்துவர். எல்.எஸ்.டி. என்னும் இரசாயனப் பொருளை மருத்துவக் கண்காணிப்பில் நோயாளர்க்குக் கொடுத்து ஆராய்ந்த இவர், 1967 இல் அமெரிக்கா சென்றார். ‘நான்’ என்னும் எல்லையைக் கடந்த தியானம், பரவசம் முதலிய அனுபவங்களையும் ஆராயும் தன்னிலை கடந்த உளவியல் என்ற துறையை ஆபிரகாம் மாஸ்லோ முதலானோருடன் சேர்ந்து உருவாக்கினார். இத்துறையின் சர்வதேச மாநாடு ஒன்று 1982 இல் பம்பாயிலும் நடைபெற்றது.

நான்கு நிலைகள்

பிறப்பு அனுபவத்தைக் குரோவ் நான்கு நிலைகளாக வகுத்தார்.

முதலாவது, கருப்பையில் அமைதியாக இருக்கும் நிலை. பாதுகாப்பும் ஒருமையுணர்வும் இதன் இயல்புகள். இரண்டாவது, கருப்பை சுருங்கத் தொடங்கியும் அதன் வாய் திறவாத நிலை. குழந்தை நெருக்கப்படுகின்றது, வெளியேற வழியில்லை. மூன்றாவது, வாய் திறந்து, பிறப்புப் பாதையூடாகப் போராடி வரும் நிலை. நான்காவது, வெளியே வந்து, தொப்புட்கொடி அறுபட்டுத் தனியுயிராகும் நிலை. குரோவ் இதனை ஒரு மரணமாகவும் மறுபிறப்பாகவும் கருதினார்.

ஒவ்வொரு நிலையும் மனத்தில் ஓர் அச்சாகப் பதிகின்றது என்றும், அதனை ஒத்த பிற்கால அனுபவங்கள் அதனோடு சேர்ந்து கொள்கின்றன என்றும் அவர் விளக்கினார். வழியே இல்லை என்று கலங்கும் மனச்சோர்வை இரண்டாம் நிலையோடும், ஆவேசத்தையும் வன்முறையையும் மூன்றாம் நிலையோடும் அவர் தொடர்புபடுத்தினார். பின்னர் மனைவி கிறிஸ்ரினாவுடன் சேர்ந்து, வேகமான மூச்சுப் பயிற்சியாலும் இசையாலும் இவ்வனுபவங்களை மீட்கும் முறையொன்றை வகுத்தார். இருதய நோயாளர், வலிப்பு நோயாளர், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இப்பயிற்சி ஆகாது.

ஏற்பதும் ஏற்காததும்

விஞ்ஞானிகள் பலர் குரோவின் கருத்தை ஏற்பதில்லை. நிகழ்ச்சிகளை நினைவாகச் சேமிக்கும் மூளைப் பகுதிகள் பிறந்த வேளையில் முதிர்ந்திருப்பதில்லை. பெரும்பாலானோர்க்கு 3 வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகள் நினைவில் இல்லை. மருந்தின் மயக்கத்திலோ, மூச்சுப் பயிற்சியின் வேகத்திலோ தோன்றும் காட்சிகள் கற்பனையாகவும் இருக்கலாம்.

ஆயினும் சிசு ஒன்றும் அறியாதது என்ற பழைய எண்ணமும் பிழையாகியது. பிறந்து 3 நாட்களுக்குட்பட்ட சிசுக்கள் தாயின் குரலை இனங்கண்டு அதனையே விரும்பிக் கேட்பதை 1980 இல் வெளியான ஆய்வு காட்டியது. சிசுக்கள் வலியை உணரும் என்பதை 1987 இல் வெளியான மருத்துவக் கட்டுரையொன்று சான்றுகளோடு எடுத்துரைத்தது. அதற்கு முன்னர் போதிய வலிநீக்கம் இன்றியே சிசுக்களுக்குச் சத்திரசிகிச்சை செய்ததுண்டு. பிரெஞ்சு மகப்பேற்று மருத்துவர் பிரெட்ரிக் லெபோயர், 1974 இல் எழுதிய நூலில், மங்கிய ஒளியும் அமைதியும் உள்ள அறையில் குழந்தையை வரவேற்று, தாயின் வயிற்றின்மேல் கிடத்த வேண்டும் என்றார். இன்று உலக சுகாதார நிறுவனமும், பிறந்த குழந்தையைத் தாயின் மேனியோடு அணைத்து வைக்கவும், கொடியை உடனே அறுக்காதிருக்கவும், பேற்றின்போது தாய் விரும்பும் ஒருவர் துணையிருக்கவும் பரிந்துரைக்கின்றது.

தாயைப் பழித்தல் தகாது

இக்கொள்கையைத் தவறாக விளங்கினால் தீங்கு நேரும். சத்திரசிகிச்சை மூலமோ, கருவி கொண்டோ பிள்ளை பெற்ற தாயிடம், பிள்ளையின் பிடிவாதத்துக்கும் பயத்துக்கும் அதுவே காரணம் என்று அயலவர் சொல்வதுண்டு. இது கொடுமையான சொல். தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிய சிகிச்சை எவருடைய குற்றமும் ஆகாது. பிறப்புக்குப் பின் கிடைக்கும் அரவணைப்பு முந்திய பாதிப்பைப் பெருமளவு ஈடுசெய்யும் என்று குரோவே எழுதியுள்ளார். பிறந்த விதம் ஒருவரின் தலைவிதியன்று.

பிள்ளையை அரவணைக்கத் தாய்க்குத் தெம்பு வேண்டும். பேற்றின் பின் மனச்சோர்வுற்றுத் தனிமையில் அழும் தாய்மார் உண்டு. அவர்களுக்கு ஓய்வும், நல்லுணவும், தேவையெனில் மருத்துவ உதவியும் கிடைக்கச் செய்வது குடும்பத்தவரின் கடமை. பிள்ளை பிறந்த வீட்டில் நேரத்தையும் நட்சத்திரத்தையும் கேட்பதற்கு முன், பெற்றவளின் சுகத்தைக் கேட்பது நன்று.