பேரேட்டில் இல்லாதது ஐந்தொகையில் வரலாமா?

(சிப்பந்திகளிடம் ஆண்டுக்கொரு முறை பேசும் விதம்)



மார்ச் 31 வந்தால் இருப்புச் சரக்கை எண்ணுகிறோம். வராக்கடனைப் பிரித்து எழுதுகிறோம். சிப்பந்தியின் ஓராண்டு வேலையை மட்டும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை. தீபாவளிக்கு முதல் நாள் போனஸ் கவரை நீட்டும்போது, மனத்தில் இருப்பதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் கொட்டிவிடுகிறோம்.

பெரிய கம்பெனிகளில் ஆண்டுதோறும் இதற்கென்று ஒரு நாள் வைக்கிறார்கள். நம் கடையில் இரண்டு பேர், மூன்று பேர்தானே என்று நாம் நினைக்கிறோம். இரண்டு பேரில் ஒருவர் நின்றுவிட்டால் பாதிக் கடை நின்றுபோகும் என்பதை யோசிப்பதில்லை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிவிட்டால், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையும் கோழிப்பண்ணையும், இன்னும் தள்ளிப் போனால் திருப்பூர் பனியன் கம்பெனியும் ஆளுக்குக் காத்திருக்கின்றன. மனம் கசந்து இறங்கியவர் நம் கடைக்குத் திரும்புவது அரிது.

என் கடையில் நடந்தது

1998 தீபாவளிக்கு முந்தின இரவு. எடை போடும் இளைஞருக்குக் கவரைக் கொடுத்தபோது, "மிளகுல நீ விட்ட எடையை இதுலதான் பிடிக்கணும்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பண்டிகை முடிந்து வேலைக்கும் வரவில்லை.

எடை குறைந்தது உண்மைதான். அந்த ஆண்டு தை, மாசியில் வாங்கிய மிளகு கீழே மண்டிக்குப் போனபோது குவிண்டாலுக்கு 3 கிலோ வரை குறைந்தது. ஆனால் மாசியில் கண்ட குறையை நான் ஐப்பசியில் சொன்னேன். இடையில் எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த தையில் தராசடியில் நானே உட்கார்ந்தேன். எனக்கும் அதே குறைவு வந்தது! பனிமூட்டத்தில் வரும் மூட்டையில் மேல் மிளகு காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். கடித்தால் டக்கென்று உடைய வேண்டிய மிளகு பல்லில் நசுங்கும். 14 சதவீத ஈரத்தில் எடை போட்ட மிளகு 11 சதவீதத்துக்குக் காய்ந்தால், குவிண்டாலுக்கு 3 கிலோவுக்கு மேல் போய்விடும். மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடை போட வேண்டும். கொட்டுவதற்கு என் குடோனில் இடமே இல்லை. "முதலாளி, மூட்டை ஈரமா வருது" என்று அவர் இரண்டு தடவை சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வியாபார அவசரத்தில் "சரி, போடு" என்றிருந்தேன்.

1999 ஆடி 18 அன்று ஓரி விழாக் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். தவறு என்னுடையது என்றேன். "அப்பவே சொன்னேனே முதலாளி" என்றார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

முன்னோர் முறை

பர்மா, மலேயா, இலங்கையில் கொண்டுவிற்ற நாட்டுக்கோட்டை நகரத்தார் கடைகளைப் பாருங்கள். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஆள் உயர்ந்தார். மேலாளுக்குப் பொதுவாக 3 ஆண்டுத் தவணை. கப்பல் ஏறுமுன்பே சம்பளம் எழுத்தில் பேசி முடிக்கப்படும். முதலாளி கடல் கடந்து இருந்ததால், கடிதமும் கணக்கும் ஊருக்கு ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும். குறை கண்டால் பதில் கடிதத்திலேயே கேட்டுவிடலாம். 3 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. நாமோ ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு எட்டு மாதம் பேசாமல் இருக்கிறோம்.

திருக்குறளில் 52ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். அதன் கடைசிக் குறளில், வேலை செய்வோரை மன்னன் நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஆண்டுக்கொரு முறை என்று அவர் சொல்லவில்லை.

குறிப்பில் ஏறாதது பேரேட்டுக்கு வராது. பேரேட்டில் இல்லாதது ஐந்தொகையில் வராது. இது நமக்குத் தெரிந்த பாடம். ஆளிடம் பேசுவதற்கும் இதே பாடம்தான். ஆண்டு இறுதியில் சொல்வது, ஆண்டு முழுதும் அவ்வப்போது சொன்னதன் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி ஒரு நோட்டு வையுங்கள். நல்லதை வரவுப் பக்கத்திலும் குறையைப் பற்றுப் பக்கத்திலும் தேதியோடு எழுதுங்கள். குறையை அன்றோ மறுநாளோ அவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். அப்போது சொல்லாத குறையை ஆண்டு இறுதியில் எடுக்காதீர்கள்.

2. பணம் கொடுக்கும் நாளில் பேச வேண்டாம். கவர் கையில் இருக்கும்போது காது வேறெதையும் கேட்காது. மிளகு வரத்து ஓய்ந்து, ஆண்டுக் கணக்கும் முடிந்த சித்திரையில், சந்தை இல்லாத ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

3. கல்லாவில் உட்கார்ந்தபடி பேசாதீர்கள். குடோனில் இரண்டு நாற்காலி போட்டு, டீ வரவழைத்துப் பேசுங்கள். மலையில் எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். கடையில் நாலு பேர் முன் சொன்ன சொல் பொழுது சாய்வதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விடும்.

4. முதலில் அவரைப் பேச விடுங்கள். "இந்த வருஷம் எந்த வேலை சிரமமா இருந்துச்சு தம்பி?" என்று கேளுங்கள். "நாள் முழுக்க நின்னு கால் வீங்குது" என்பார். இருக்கை போடுவது நம் கடமை. கடைச் சட்டத்தில் 2021இல் வந்த திருத்தமும் அதைத்தான் சொல்கிறது. நம்மைவிட மூத்தவராக இருந்தால் "நீங்க" என்றே பேசுங்கள். சம்பளம் கொடுப்பதால் வயது குறைந்துவிடாது.

5. செயலைச் சொல்லுங்கள், ஆளைத் தூற்ற வேண்டாம். "உனக்குப் பொறுப்பே இல்லை" என்றால் அவர் எதைத் திருத்திக்கொள்வார்? "கார்த்திகையில மூணு தடவை கடன் நோட்டுல எழுதாம சரக்கு போயிருக்கு. என்ன ஆச்சு?" என்றால் காரணம் வெளிவரும். கூட்ட நேரத்தில் நோட்டு கல்லாவில் நம்மிடமே இருந்திருக்கலாம்!

6. பாராட்டும் அப்படியே. "நல்ல பையன்" என்பது யாருக்கும் பொருந்தும். "பழைய சாமை மூட்டையை முன்னால எடுத்து வச்சு வித்தே, இந்த வருஷம் பூச்சி விழல" என்றால், நாம் கவனிக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

7. முடிவில் அவர் மாற்றிக்கொள்ள ஒன்று, நாம் செய்து தர ஒன்று என்று இரண்டை மட்டும் நோட்டில் எழுதி, அவர் எதிரிலேயே படித்துக் காட்டுங்கள். நாம் ஒப்புக்கொண்டதை முதலில் செய்து முடிக்க வேண்டும்.

சட்டமும் உண்டு

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41ஆம் பிரிவின்படி, தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். ஒழுங்கீனத்துக்காக அறிவிப்பின்றி நீக்குவதானாலும், விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். "ரொம்ப நாளாவே சரியில்லை" என்ற வாய்ச்சொல் அங்கே எடுபடாது. தேதி போட்ட நோட்டு, நியாயம் யார் பக்கம் இருந்தாலும் அதைக் காட்டும்.

ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் போதும். வருகிற சித்திரையில் ஒருவரிடம் மட்டுமாவது செய்து பாருங்கள். நோட்டை இன்றைக்கே போடுங்கள். முதல் வரியாக அவர் செய்த ஒரு நல்ல வேலையை எழுதுங்கள்.