நிக்டியிலிருந்து எம்67: திறந்த கொத்தில் இரட்டை விண்மீன்களைத் தேடும் முறை

ஒரே வாயு மேகத்தில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து, இன்னும் கூட்டமாகவே நகர்ந்துகொண்டிருக்கும் விண்மீன்களின் தொகுதி திறந்த கொத்து எனப்படும். வயது, தொலைவு, வேதிச் சேர்க்கை மூன்றும் அதன் உறுப்பினர்களுக்குப் பொது. வேறுபடுவது நிறை மட்டுமே. அதனால் நிறத்தைக் கிடையிலும் ஒளிர்வெண்ணைச் செங்குத்திலும் வைத்துப் புள்ளியிட்டால் தனி விண்மீன்கள் ஒரு மெல்லிய கோட்டில் வந்து விழும். இதுவே முதன்மை வரிசை. இரட்டைகள் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே விலகி நிற்கும். கொத்தில் சேராத ஒரு விண்மீன் இரட்டையா என்றறிய மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நிறமாலை எடுக்க வேண்டியிருக்கும். கொத்துக்குள் ஒரே வரைபடம் முதல் பட்டியலைத் தந்துவிடும்.

புணேயை ஒட்டிய பிம்பிரி-சிஞ்ச்வட் தொழிற்பகுதியின் விளக்குகளுக்கு நடுவே இருக்கும் நிக்டியில் வெறும் கண்ணுக்குப் பூசக் கொத்தே எளிதில் அகப்படாது. அது இந்த வேலைக்குத் தடையில்லை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கையா செயற்கைக்கோள் அளந்தவற்றின் மூன்றாம் வெளியீடு 2022 ஜூன் 13 முதல் எவருக்கும் இலவசம். மடிக்கணினியும் இணையமும் இருந்தால் தொடங்கலாம்.

முதலில் கொத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடங்குபவருக்கு ஏற்றது கடக ராசியில் உள்ள எம்67. தொலைவு சுமார் 2,800 ஒளியாண்டு. வயது ஏறக்குறைய 400 கோடி ஆண்டு, அதாவது சூரியனை ஒத்தது. இடையில் தூசு குறைவு என்பதால் முதன்மை வரிசை கூர்மையாக வரும். அதே ராசியிலுள்ள பூசம் இதைவிட அருகில்தான் இருக்கிறது. ஆனால் வானில் பல பாகைக்குப் பரவிக் கிடப்பதால் உறுப்பினரைப் பிரித்தெடுப்பது கூடுதல் வேலை. அதை இரண்டாவது பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம்.

கையா காப்பகத்தில் வல ஏற்றம் 132.85 பாகை, நடுவரை விலக்கம் +11.8 பாகை என்ற புள்ளியைச் சுற்றி ஒரு பாகை ஆரத்தில் தரவைக் கேட்க வேண்டும். இடமாறு தோற்றம், தன் இயக்கத்தின் இரு கூறுகள், இவற்றின் பிழைகள், ஜி, பிபி, ஆர்பி ஒளிர்வெண்கள், ரூவி எனப்படும் பொருத்தக் குறியீடு, ஆரத் திசைவேகம் ஆகியவை போதும். டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறக்கலாம். பைத்தான் தெரிந்தவர் அதிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

அடுத்தது உறுப்பினரைப் பிரித்தல். தன் இயக்க வரைபடத்தில் ஆண்டுக்கு −11, −2.9 மில்லி ஆர்க்செகண்ட் என்ற இடத்தில் ஒரு திரள் தனியே தெரியும், அதுதான் எம்67. அதைச் சுற்றி ஒரு மில்லி ஆர்க்செகண்ட் ஆரத்தில் வட்டமிட்டு, இடமாறு தோற்றம் 1.15 மில்லி ஆர்க்செகண்டை ஒட்டியுள்ளவற்றை எடுக்க வேண்டும். மங்கிய விண்மீன்களுக்குப் பிழை அதிகம். ஆகவே எல்லோருக்கும் ஒரே அகல வரம்பு வைக்காமல், ஒவ்வொன்றின் பிழையைப் போல் மும்மடங்கு வரை இடம் தருவதே முறை.

இந்தக் கட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தரவைச் சுத்தம் செய்ய ரூவி 1.4-க்கு மேல் உள்ளவற்றை நீக்குவது வழக்கம். ரூவி உயர்வதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, அந்த விண்மீன் ஒற்றை விண்மீனுக்குரிய நேர்ப்பாதையில் செல்லாமல் துணையால் தள்ளாடுவது. தேடுவது இரட்டைகளை, நீக்குவதும் அவற்றையே! ஆரத் திசைவேகத்தைக் கொண்டு சல்லடை போட்டாலும் இதே கதைதான். கொத்தின் சராசரி விநாடிக்கு 33.6 கி.மீ.; இரட்டையின் ஒரே ஒரு அளவீடு அதிலிருந்து பல கிலோமீட்டர் விலகலாம். எனவே ரூவியையும் திசைவேகத்தையும் சல்லடையாக்காமல், தனிப் பத்தியில் குறித்து வைத்தால் போதும். பின்னால் அவையே சாட்சியாகும்.

இனி வரைபடம். கிடை அச்சில் பிபி கழித்தல் ஆர்பி, செங்குத்தில் ஜி. கோட்டின் நடுவைச் சிறு துண்டுகளாகப் பிரித்து இடைநிலை மதிப்பால் காணலாம். பதுவா வானியலாளர்கள் இணையத்தில் தரும் பார்செக் சமவயதுக் கோட்டையும் பொருத்திப் பார்க்கலாம். சம நிறையுள்ள இருவர் சேர்ந்தால் ஒளி இரட்டிக்கும், நிறம் மாறாது. புள்ளி ஏறத்தாழ 0.75 ஒளிர்வெண் மேலே போகும். ஆகவே நடுக்கோட்டை 0.75 உயர்த்தி இன்னொரு கோடு வரைய வேண்டும். இரண்டுக்கும் இடையில் நிற்பவை இரட்டைகளுக்கான வேட்பாளர்கள்.

துணையின் நிறை குறையக் குறைய விலகல் சட்டென்று சுருங்கும். ஒளிர்வு நிறையின் நான்காம் அடுக்கைப் போல மாறுகிறது என்று கொண்டால், நிறை விகிதம் 0.8 ஆனால் ஒளி கூடுவது 0.37 ஒளிர்வெண், 0.5 ஆனால் வெறும் 0.07. துணை சிவப்பாக இருப்பதால் புள்ளி கொஞ்சம் வலப்புறமும் நகரும். ஆனாலும் 0.5-க்குக் கீழே அளவீட்டுச் சிதறலில் அது கரைந்துவிடும். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர் 23 கொத்துகளைக் கையா தரவால் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டபோது நிறை விகிதம் 0.6-க்கு மேற்பட்டவற்றை மட்டுமே எண்ணினார்கள். அந்த வரம்பையே பின்பற்றலாம். முதன்மை வரிசை வளைந்து முடியும் திரும்புமுனைக்கு அருகில் இரு கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொள்வதால் அப்பகுதியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

எண்ணிக்கையில் இரண்டு கழித்தல்கள் உண்டு. நான்கு பாகை தள்ளி, அதே பரப்புள்ள வானத்தில் அதே வரம்புகளை வைத்து, தற்செயலாக நுழையும் அயலார் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று ஆர்க்செகண்டுக்குள் வேறொரு விண்மீன் இருந்தால் பிபி, ஆர்பி ஒளி கலந்துவிடும். அவற்றையும் பிரித்து வைக்க வேண்டும்.

உறுதி செய்வதற்கு எம்67-இல் 1,278 விண்மீன்களின் ஆரத் திசைவேகங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான விஸ்கான்சின்–ஹார்வர்டு ஆய்வு உதவும். அதோடு ஒப்பிடும்போது வரைபடத்தில் தனியாகத் தோன்றியவை சில இரட்டையாக இருப்பது தெரியும். துணை வெள்ளைக் குள்ளனாக இருந்தால் கையாவின் மூன்று நிறங்களில் அடையாளமே தெரியாது. சூடான அந்தத் துணை புற ஊதாவில்தான் வெளிப்படும். 2015 செப்டம்பர் 28-இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் யூவிட் தொலைநோக்கி இங்கே கைகொடுக்கிறது. அன்னபூரணி சுப்ரமணியம் குழுவினர் 2019-இல் எம்67-இன் நீல விண்மீன் ஒன்றின் அருகில் சூரிய நிறையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத வெள்ளைக் குள்ளனைக் கண்டார்கள். கொத்தின் வயதுக்கு மீறிய அந்த நீலம், துணையிடமிருந்து பொருளை வாங்கிக்கொண்டதால் வந்தது. பல அலைநீள ஒளியைச் சேர்த்துப் பொருத்த வோசா என்ற இணையக் கருவி உண்டு. அஸ்ட்ரோசாட் தரவைக் கையாள உதவும் பிரிவு புணேயிலேயே, கணேஷ்கிண்டில் உள்ள ஐயூகா வானியல் மையத்தில் இயங்குகிறது.

சொந்தமாக அளக்க விரும்புபவருக்கு ஏஎச் கேன்க்ரி இருக்கிறது. எம்67-இல் ஒன்றையொன்று தொட்டபடி சுற்றும் இரட்டை அது. ஒளிர்வெண் சுமார் 13.3, சுற்றுக்காலம் 8 மணி 39 நிமிடம். 20 செ.மீ. தொலைநோக்கியும் சீமாஸ் கேமராவும் இருந்தால் நகர வானத்திலும் முயலலாம். ஒரு நிமிடப் படங்களை விடாமல் எடுத்து, ஒவ்வொன்றிலும் பக்கத்திலுள்ள மாறாத விண்மீன்களோடு ஒப்பிட வேண்டும். நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறிப்பது அவசியம். பிப்ரவரித் தொடக்கத்தில் நள்ளிரவை ஒட்டி எம்67 புணேயில் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வரும்; ஜனவரி முதல் மார்ச் வரை ஒரே இரவில் சுற்று முழுவதையும் பிடித்துவிடலாம். ஜூனில் மழை மேகம் வந்தால் செப்டம்பர் வரை தொலைநோக்கிக்கு ஓய்வு. கணினியில் உள்ள பட்டியலுக்கு இல்லை.