சுமைதாங்கிக் கல்

நம்ம ஊர் பஸ் ஸ்டாப் பக்கத்துல, புதுசா பிளாட் போட்ட இடத்துக்கு முன்னாடி ஒரு கல் நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் சுமைதாங்கிக் கல்.

பஸ் இல்லாத காலத்தில் தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்து போனவர்கள், துணைக்கு ஆள் இல்லாமலே சுமையை இறக்கி வைக்கவும் திரும்பத் தூக்கவும் இது உதவியது.

ஆனால் இது ஒரு நினைவுக்கல்லும்கூட. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக வீட்டார் நடுவது. அவள் இறக்கி வைக்காத சுமையை இந்தக் கல் தாங்கும் என்பது நம்பிக்கை. சில கல்லில் பெயரும் வெட்டியிருக்கும்.

நம்ம ஊர்க் கல் எங்க ஆயாவோட அக்காவுக்காக வைத்ததாம். பிரசவ வலி வந்து, மாட்டு வண்டியில் டவுனுக்குக் கொண்டுபோற வழியிலேயே போய்ட்டாங்களாம். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்ததே 2008இல்தான். "போன் போட்டா வண்டி வர்ற காலமா அது?" என்று ஆயா சொல்லும்.

ரோட்டை அகலப்படுத்தும்போது கல்லைப் பிடுங்கிப் போட்டுடுவாங்களோ என்று ஆயாவுக்குப் பயம். நாம் அதன்மேல் நோட்டீஸ் ஒட்ட வேண்டாம், ஏறி உட்கார வேண்டாம். ரோடு வேலை வந்தால், ஓரமாக நகர்த்தி நட்டு வைக்கும்படி எல்லோரும் சேர்ந்து கேட்போம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி