காயம் ஆறிவிட்டது, இடம் யாருக்கு?

கேள்வி: மாவட்ட லீக்கில் இரண்டாவது டிவிஷன் ஆடும் கிளப் ஒன்றின் செயலாளர் நான். எங்கள் தொடக்க ஆட்டக்காரர் ஸ்லிப்பில் கேட்ச் எடுக்கும்போது விரல் முறிந்து ஒன்றரை மாதம் ஆடவில்லை. அவருக்குப் பதிலாக இறக்கிய கல்லூரிப் பையன் ஒரு சதமும் இரண்டு அரைசதமும் அடித்துவிட்டான். சீனியர் இப்போது திரும்பி வந்திருக்கிறார். ‘அடிபட்டதால் போன இடம், அவருக்கே தர வேண்டும்’ என்கிறார்கள் சிலர். ‘அடிக்கிற பையனை எப்படி உட்கார வைப்பது?’ என்கிறார்கள் மற்றவர்கள். எது நியாயம்?

பதில்: அடிபட்டதற்காக ஒருவரின் மதிப்பு குறையக் கூடாது. அதே சமயம், அடிபட்டார் என்பதற்காகவே இடமும் கிடைத்துவிடக் கூடாது.

ஃபார்ம் போய் நீக்கப்பட்டவர் வேறு, காயத்தால் ஒதுங்கியவர் வேறு. இரண்டையும் ஒன்றாக நடத்தினால், அடுத்த முறை அடிபடுகிறவர் வாயே திறக்க மாட்டார். விரலில் டேப் சுற்றிக்கொண்டு ஆடுவார், வீக்கம் முறிவாகும்.

2016 டிசம்பரில் ரஹானேவுக்கு விரல் முறிந்தது. அந்த இடத்தில் ஆடிய கருண் நாயர், சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 எடுத்தார். பங்களாதேஷுடன் ஹைதராபாத்தில் நடந்த அடுத்த டெஸ்டில் ரஹானே உள்ளே, கருண் வெளியே. ரஹானேவின் இரண்டாண்டு உழைப்பை ஒரு ஆட்டம் மறைத்துவிடாது என்றார் கேப்டன் கோலி. ரஹானே 82 அடித்தார். அந்த முடிவில் தப்பில்லை. கருணுக்கு ஆஸ்திரேலியத் தொடரில் வாய்ப்பு வந்தது, சோபிக்கவில்லை. ஆனால் 2018 இங்கிலாந்துத் தொடரில் அணியோடு இருந்தும் ஒரு டெஸ்டிலும் இறக்கப்படவில்லை. மூன்றாவது டெஸ்டுக்குப் பிறகு அழைக்கப்பட்ட விஹாரி அவரைத் தாண்டி ஆடினார். குறை அங்கேதான். பழையவருக்கு இடம் கொடுத்தால், காத்திருப்பவருக்கு வரிசையில் எந்த இடம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

ரஹானே காயப்பட்ட அதே சீசனில் விக்கெட் கீப்பர் சாஹாவும் காயப்பட, பார்த்திவ் படேல் நன்றாகவே ஆடினார். சாஹா நேரே டெஸ்டுக்கு வரவில்லை. இரானி கோப்பையில், பார்த்திவ் தலைமை தாங்கிய குஜராத்துக்கு எதிராகவே ஆட்டமிழக்காமல் 203 அடித்துவிட்டு வந்தார். பிறகு யார் கேள்வி கேட்பது? விபத்திலிருந்து மீண்ட ரிஷப் பந்த்தும் 2024-ல் துலீப் கோப்பை ஆடிய பிறகுதான் சேப்பாக்கம் டெஸ்டில் இறங்கினார்; 109 அடித்தார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். டாக்டர் சீட்டு எலும்பு கூடியதைச் சொல்லும், ஆட்டத்துக்குத் தயார் என்று சொல்லாது. ஒரு பயிற்சி ஆட்டத்தில் புதுப் பந்தை எதிர்கொள்ளவிட்டுப் பாருங்கள். எகிறும் பந்துக்குக் கீழ்க்கை மட்டையை விடுகிறதா? ஸ்லிப்பில் நிற்கச் சொன்னால் தயங்குகிறாரா? தயங்கினால் இன்னும் இரண்டு வாரம் போகட்டும்.

தேறிவிட்டால், இருவரையும் ஒன்றரை மாதக் கணக்கில் ஒப்பிடாதீர்கள். சீனியரின் இரண்டு மூன்று சீசன் கணக்கையும் எடுங்கள். அதில் சமமாக வந்தால் இடம் சீனியருக்கு. பையன் தெளிவாக மேலே இருந்தால் சீனியர்தான் காத்திருக்க வேண்டும்.

வெளியே போக வேண்டியவர் இந்த இருவரில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2025 நவம்பரில் காயத்திலிருந்து பந்த் திரும்பியபோது, அவருக்குப் பதிலாகக் கீப்பிங் செய்து சதம் அடித்திருந்த துருவ் ஜுரெலையும் கொல்கத்தா டெஸ்டில் வெறும் பேட்ஸ்மேனாக ஆடவைத்தார்கள். உங்கள் மூன்றாம் இடத்துக்காரர் கடைசியாக எப்போது ரன் அடித்தார் என்று ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

எந்த முடிவானாலும், அணிப் பட்டியல் ஒட்டுவதற்கு முன் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் காரணம் சொல்லுங்கள். சீசன் தொடங்கும் முன்பே இந்த விதியை அணிக் கூட்டத்தில் அறிவித்துவிட்டால், அடுத்த முறை யாரும் கோஷ்டி சேர வேண்டியிருக்காது.