மஞ்சள் மாத்திரையும் தமோக்ஸிஃபெனும்

கேள்வி: எனக்கு வயது 47. மார்பகப் புற்றுநோய்க்காகப் போன வருஷம் கிள்ளானில் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தது. இப்போது தினமும் தமோக்ஸிஃபென் மாத்திரை. ஐந்து வருஷம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரியில் உடம்பெல்லாம் காந்துகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. மருந்துச் சூடு என்று சொல்லி என் நாத்தனார் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல் வாங்கித் தந்தார். பக்கத்து வீட்டு அக்கா பெலாலாய் காஜா இலையைப் பச்சை ஆப்பிளோடு அரைத்துக் கொண்டுவருகிறார். இவற்றைச் சாப்பிடலாமா? மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே பார்க்கலாமா? ஆஸ்பத்திரியில் சொன்னால் கோபிப்பார்களோ என்று சொல்லாமல் இருக்கிறேன்.
– வாசகி, தெலுக் பங்லிமா காராங்

பதில்: சகோதரி, மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோயில், தமோக்ஸிஃபெனை ஐந்து வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களிடையே அந்த நோயால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இந்தப் பலனைத் தரும் மூலிகை இதுவரை எதுவும் இல்லை.

உங்கள் நாத்தனார் தந்த கேப்ஸ்யூலைத்தான் நான் முதலில் ஒதுக்கி வைக்கச் சொல்வேன். மஞ்சள் கெட்டது என்பதால் அல்ல. தமோக்ஸிஃபென் விழுங்கியவுடன் முழுதாக வேலை செய்வதில்லை. கல்லீரல் அதை எண்டாக்ஸிஃபென் என்ற பொருளாக மாற்றிய பிறகே அதன் முழு பலம் வெளிப்படும். மஞ்சளில் உள்ள குர்குமினும் மிளகில் உள்ள பைப்பரினும் அதே கல்லீரலில் மருந்துகள் மாறும் வழியில் குறுக்கிடுகின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் தமோக்ஸிஃபென் சாப்பிட்டுவந்த 16 பேரிடம் இதைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். குர்குமின் மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் எண்டாக்ஸிஃபென் சுமார் 8 விழுக்காடு குறைந்தது. மிளகுச் சத்தையும் சேர்த்தபோது சுமார் 12 விழுக்காடு. சிறிய ஆய்வுதான். ஆனால் ஏற்கெனவே எண்டாக்ஸிஃபென் அளவு குறைவாக உள்ள ஒருவருக்கு இந்த இறக்கம்கூட மருந்தின் பலனைக் கெடுத்துவிடலாம்.

அப்படியானால் ரசத்தை விட வேண்டுமா? வேண்டாம். அந்த ஆய்வில் ஒரு நாளைக்குக் கொடுத்த குர்குமின் 3.6 கிராம். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், தினம் 120 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். எந்த வீட்டுக் குழம்பிலும் அவ்வளவு விழாது. குழம்பில் போடும் மஞ்சள், ரசத்துக்கு இடிக்கும் மிளகு, இஞ்சி, பூண்டு எல்லாம் சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். அதையே சாறெடுத்துச் செறிவாக்கிக் கேப்ஸ்யூலில் அடைத்தால் அது மருந்து. மருந்துக்குரிய கேள்விகளை எல்லாம் அதனிடம் கேட்டாக வேண்டும். மஞ்சள் கேப்ஸ்யூலால் கல்லீரல் பாதித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களும் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள்; ஒருவர் இறந்தும் போயிருக்கிறார்.

பெலாலாய் காஜா பத்துப் பதினைந்து வருஷமாக நம் தாமான்களில் வேலியோரமெல்லாம் வளர்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் அன்பை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் அந்த இலையைப் பற்றிச் சொல்லப்படும் நல்ல செய்திகள் ஆய்வுக்கூடத் தட்டில் வைத்த செல்களிலிருந்தும் எலிகளிடமிருந்தும் வந்தவை. மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களுக்கு அது பலன் தந்தது என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. கீமோ நடக்கும் காலத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அப்போது வேகவைக்காத இலைச்சாறு கிருமித் தொற்றுக்கும் வழி விடலாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

செடியில் மருந்தே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உங்களுக்கு ஏற்றிய கீமோவில் பேக்லிடாக்சல் இருந்திருந்தால் அது அமெரிக்கக் காட்டு மரம் ஒன்றின் பட்டையில் முதலில் கண்டெடுக்கப்பட்டது. கோயில் நந்தவனத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்து 1958-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அவை மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தப் பரிசோதனை பார்த்து ஏற்றப்படுகின்றன. அதே நித்தியகல்யாணி இலையை வீட்டில் அரைத்துக் குடித்தால் விஷம்.

உடம்பு காந்துவது தமோக்ஸிஃபெனின் தெரிந்த பக்கவிளைவு. அதைக் குறைக்க டாக்டரிடம் வழி உண்டு, கேளுங்கள். அக்குபஞ்சர் சிலருக்கு உதவுகிறது. மனப் பதற்றத்துக்கு யோகாவும் தியானமும் நல்லது என்பதை அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தினமும் நடங்கள். தௌஹு, தெம்பே போன்ற சோயா உணவு சாப்பிட்டால் நோய் திரும்பும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஷாங்காயில் 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், சோயா உணவு கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. சோயா மாத்திரை வேறு விஷயம், அது வேண்டாம்.

வாங்கிய பாட்டில்களைப் பாருங்கள். ‘எம்.ஏ.எல்’ என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் இல்லாவிட்டால் தொடவே தொடாதீர்கள். சில போலிச் சரக்குகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் பசியும் தெம்பும் வருவது அதனால்தான். பதிவு எண் இருந்தாலும், அது புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கான சான்றல்ல. புற்றுநோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது.

அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குப் போகும்போது கேப்ஸ்யூல், தூள், இலை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டரிடம் பேசத் தயக்கமாக இருந்தால் மருந்து வாங்கும் கவுன்டரில் பார்மசிஸ்டிடம் காட்டுங்கள். மூலிகையை நாடுவது குற்றமல்ல. நம் அரசாங்கமே 2007-இல் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் திறந்தது. அங்கும் அது சிகிச்சைக்குத் துணையாகத்தான் தரப்படுகிறது.

மற்ற வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 2012–2016-இல் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். குணப்படுத்தக்கூடிய மார்பகப் புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பியவர்களுக்கு மரண அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் என்று 2018-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மார்பில் கட்டி தட்டுப்பட்டால் கஷாயம் போட்டுப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.